ஜீரோ பார்த்துக்கங்க

வண்டி நின்றதும் நான் சொல்லும் முதல் வார்த்தை
ஜீரோ பார்த்துக்கங்க.
ஷிப்டுக்கு முந்நூறு தடவை, கூடவும் இருக்கும்.
கப்பலூர் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்
நாலாம் நம்பர் பம்பில் ஆறு வருஷம்.
லாரிக்கு நூற்றெண்பது லிட்டர்,
பள்ளிக்கூட வேனுக்கு நாற்பது,
நூறு ரூபாய்க்கு அடிக்கச் சொல்லிவிட்டு
மீட்டரை விட்டுக் கண்ணெடுக்காத பையனுக்கு
லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பாட்டில் கொண்டுபோகாமல் இல்லை.
பணப்பைக்குப் பக்கத்தில் மூடி திறக்காமலே
அது வெந்நீராகும்.
வீட்டுக்குக் கொண்டுவந்து
கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுவேன்.
செடி நன்றாகத் தழைத்திருந்தது.

குடிக்காததற்குக் காரணம் ஒரு சாவி.
அது மேனேஜர் சந்திரபோஸ் மேஜையில் இருக்கும்.
மேஜையைச் சுற்றி எந்நேரமும் நாலு ஆண்கள்.
கேட்டால் தருவார், நல்ல மனுஷன்தான்.
"என்னம்மா, மறுபடியுமா?" என்பார் சிரித்துக்கொண்டே.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
நான் தண்ணீரை விட்டேன்.

முதலில் உதடு வெடித்தது, வாசலின் வாங்கினேன்.
மத்தியானமானால் தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள்,
பெட்ரோல் வாடை என்று நினைத்தேன்.
சில்லறை எண்ணும்போது எண் வழுக்கிற்று,
கைக்காசு நூற்றைம்பது போட்டுக் கணக்கை முடித்தேன்.
ராத்திரி கெண்டைக்கால் கயிறாய் முறுக்கும்.
போகும் நீர் வைக்கோல் நிறம் மாறி
நன்னாரி சர்பத் ஆனது.
நீர்க்கடுப்பு என்றால் தெருவே வைத்தியம் சொல்லும்:
தொப்புளில் விளக்கெண்ணெய், ஊறவைத்த வெந்தயம், வாழைத்தண்டு.
எல்லாம் செய்தேன்,
தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை.

பங்குனிக் கடைசியில், ஒரு காருக்கு
நாசிலைச் சொருகிய கையோடு
இடுப்புக்குப் பின்னால் எழுந்து
தொடைக்கு இறங்கியது வலி.
அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
கார்க்காரர் கண்ணாடியை இறக்கி
"நான் ஜீரோ பாக்கலியே" என்றார்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகையில்
ஏ.வி. பாலத்துக்குக் கீழே ஆறு காய்ந்து கிடந்தது.
மாடுகள் மேய்ந்தன.
அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஸ்கேன் அறை வாசலில் சிஸ்டர் ரெஜினா
ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினார்.
"முழுசாக் குடிங்க. நல்லா முட்டினாத்தான் படம் தெரியும்."
பெஞ்சு நிறையப் பெண்கள்,
ஆளுக்கொரு பாட்டில்.
தீப்பெட்டி மாதிரிக் கடையில் பிளவுஸ் தைப்பவள்,
பஸ்ஸில் வந்த டீச்சர்,
சீருடை கழற்றாத போக்குவரத்துக் காவலர் ஒருத்தி.
"காளவாசல் சிக்னல்ல எட்டு மணி நேரம்.
குடிச்சா எங்க போறது?" என்றாள் அவள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எல்லோரும் ஒரு மடக்கு விழுங்கினோம்.

முத்து, இருளாயி என்று
என்னை இரண்டாகப் பிரித்துக் கூப்பிட்டார்கள்.
வயிற்றில் தடவியது ஜில்லென்றிருந்தது.
வலப் பக்கம் ஆறு மில்லிமீட்டர் கல்.
இடப் பக்கம் இன்னும் பொடிதான், இப்போதைக்கு.
சின்ன வயது டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்:
"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?"
"பெட்ரோலா, டீசலா" என்று
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

சித்திரை பிறந்து வேலைக்குப் போன அன்று
எட்டு மணிக்கே மூடியைத் திறந்தேன்.
ஒன்பதரைக்கு மேஜை.
அவர் வாயைத் திறக்குமுன் சாவியை எடுத்தேன்.
திரும்பி வந்து மேஜையில் வைக்கவில்லை,
நாலாம் நம்பர் பம்பின் கொக்கியில் மாட்டினேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பார்த்தார்.
என்ன நினைத்தார் தெரியாது, வரிசையில் ஏழு வண்டி.

பதினொரு மணிக்குக் கொக்கி காலியாக இருந்தது.
மூணாம் நம்பர் பாண்டீஸ்வரியைக் காணோம்.

வீட்டுக்கு வருகிற பாட்டிலில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.
கறிவேப்பிலை வாடத் தொடங்கியிருக்கிறது.
அதற்கு வேறு தண்ணீர் பார்க்க வேண்டும்.